கேமுக்குள் டாரட் சீட்டு: புதிதாக ஆடுபவர் எங்கிருந்து தொடங்குவது?

பலாட்ரோ என்ற போக்கர் வகை வீடியோ கேமை ஆட ஆரம்பித்த முதல் நாளிலேயே கடையில் ‘டெத்’ என்று பெயர் போட்ட சீட்டு ஒன்று வந்து நிற்கும். கேமின் காசில் மூன்று டாலர் கொடுத்துச் சாவை வாங்குவானேன் என்று அதைத் தாண்டிப் போவதுதான் புதியவர் செய்யும் முதல் தப்பு. அந்தச் சீட்டு யாரையும் கொல்லாது. கையிலிருக்கும் இரண்டு சீட்டுகளைத் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் இருப்பது அப்படியே வலப்பக்கச் சீட்டாக மாறிவிடும். ஒன்றுக்கும் உதவாத கிளாவர் இரண்டு, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல ராஜாவாகத் திரும்பி வரும். ஒன்று முடிகிறது, அதே இடத்தில் இன்னொன்று எழுகிறது. டாரட் கட்டின் 13ஆம் சீட்டுக்குக் குறி சொல்பவர்கள் சொல்லும் பொருளும் இதுதான்.

நல்ல கேம் டாரட்டைக் கையாளும் விதம் இது. சீட்டின் பொருளை யாராவது வந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். பொருள் ஒரு செயலாகிவிடும். அதனால் கேமில் டாரட் சீட்டு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. படத்தில் என்ன நடக்கிறது? கேமில் அந்தச் சீட்டு என்ன செய்கிறது? இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. குறி பார்க்கத் தெரிய வேண்டாம், அதில் நம்பிக்கையும் வேண்டாம்.

சீட்டுகளின் பெயர் திரையில் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் இங்கும் அந்தப் பெயர்களையே வைத்திருக்கிறோம்.

படி 1: அரைமணி நேரம் கட்டைப் பாருங்கள்

டாரட் கட்டில் 78 சீட்டு. அதில் 56 நம் வீட்டுச் சீட்டுக்கட்டுக்குப் பங்காளி: கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனம், இனத்துக்கு 14 சீட்டு. ஆஸ் முதல் பத்து வரை, அதற்கு மேல் பணியாள், குதிரைவீரன், ராணி, ராஜா. இதற்கு மைனர் அர்கானா என்று பெயர். மிச்சம் 22 சீட்டு மேஜர் அர்கானா. 0 முதல் 21 வரை எண் போட்டிருக்கும். கேம்கள் எடுத்தாள்வது பெரும்பாலும் இந்த 22ஐத்தான்.

இருபத்தெட்டோ முந்நூற்று நாலோ ஆடியவருக்குத் துருப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். இந்த 22உம் பிறந்தது துருப்புச் சீட்டாகத்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா போன்ற ஊர்களின் அரண்மனைகளில் சீட்டாடுவதற்காக வரையப்பட்டவை இவை. குறி சொல்லும் வேலை இவற்றின் தலையில் விழுந்தது 18ஆம் நூற்றாண்டு பிரான்சில். 1781இல் கூர் த ஜெபலின் என்பவர், இந்தச் சீட்டுகளில் பழைய எகிப்தின் ஞானம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். ஆதாரம் கிடையாது, கதை மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக, கேமுக்குள் டாரட் வருவதைப் பிறந்த வீட்டுக்குத் திரும்புவது என்றே சொல்லலாம்.

பார்க்க வேண்டிய கட்டு 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. வலையில் தேடினால் 78 படமும் கிடைக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் இந்த ஆறு போதும்.

ஃபூல், எண் 0: தோளில் சின்ன மூட்டையோடு ஒரு வாலிபன், பார்வை வானத்தில். அடுத்த அடி வைத்தால் பாறை விளிம்பு. காலடியில் ஒரு நாய் துள்ளுகிறது.

ஹெர்மிட், 9: பனிமலை உச்சியில் ஒரு கிழவர். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் விளக்கு. விளக்குக்குள் எரிவது ஒரு நட்சத்திரம்.

ஹேங்ட் மேன், 12: ஒற்றைக் காலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட ஆள். முகத்தைக் கவனியுங்கள், வலி இல்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம். கால் தரையில் படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெத், 13: வெள்ளைக் குதிரையில் கவசம் போட்ட எலும்புக்கூடு. கீழே ராஜா விழுந்து கிடக்கிறார். தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன்.

டெம்பரன்ஸ், 14: சிறகுள்ள ஒரு தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு நீரை ஊற்றுகிறது. ஒரு கால் தரையில், ஒரு கால் தண்ணீரில்.

டவர், 16: கோபுரத்தில் இடி விழுகிறது. உச்சியிலிருந்த கிரீடம் தெறிக்கிறது, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள்.

படி 2: எட்டாம் எண்ணில் யார் இருக்கிறார்?

எந்தக் கட்டைப் பார்த்து ஒரு கேம் வரைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சுருக்குவழி ஒன்று உண்டு. எட்டாம் சீட்டைப் பாருங்கள். ஜஸ்டிஸ் இருந்தால் பழைய வரிசை. பிரான்சின் மார்செய் கட்டு வழியாக வந்தது. ஸ்ட்ரெங்த் இருந்தால் 1909 வரிசை.

மாற்றியதற்குக் காரணம் நம்மவருக்கு உடனே பிடிபடும். வெயிட் சார்ந்திருந்த மறைஞானக் குழு சீட்டுகளை ராசிகளோடு கோத்தது. ஸ்ட்ரெங்த் படத்தில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள், அது சிம்மம். ஹெர்மிட்டுக்குக் கன்னி. ஜஸ்டிஸ் கையில் தராசு, அது துலாம். சிம்மம், கன்னி, துலாம் என்ற வரிசை வர வேண்டுமென்றால் ஸ்ட்ரெங்த் 8க்கும் ஜஸ்டிஸ் 11க்கும் போயாக வேண்டும். இடையில் 10இல் இருக்கும் வீல் ஆஃப் ஃபார்ச்சூன் சக்கரத்துக்கு ராசி கிடையாது, வியாழன் கிரகம்.

வேடிக்கை என்னவென்றால் பலாட்ரோ, பின்னால் நாம் பார்க்கப்போகும் ஐசக், பெர்சோனா ஆகிய கேம்கள் மூன்றும் ஜஸ்டிஸை எட்டில் வைக்கும் பழைய வரிசைக்காரர்கள். 1909 கட்டின் விளக்கப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பெர்சோனா ஆடினால் 8லும் 11லும் குழம்புவது இதனால்தான்.

பெயரிலும் தடயம் கிடைக்கும். ‘ஏயான்’, ‘யூனிவர்ஸ்’ என்ற சீட்டு வந்தால் மறைஞானி அலிஸ்டர் க்ரௌலியின் தோத் கட்டு எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். ஜட்ஜ்மென்ட்டை ஏயான் என்றும் வேர்ல்டை யூனிவர்ஸ் என்றும் மாற்றிய கட்டு அது. பெர்சோனா 3இல் இரண்டு பெயரும் உண்டு. அதாவது வரிசை மார்செய், பெயர் சில தோத். இப்படிக் கலப்பது கேம்களில் சகஜம். ஒரே கட்டில் எல்லாம் பொருந்த வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 3: சீட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கையில் வைத்திருந்து ஒருமுறை பயன்படுத்திவிட்டு இழக்கும் பொருளா, ஒரு ஆளின் மேல் ஒட்டிய பெயரா, கதை போகும் வழிக்கு வைத்த பலகையா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பொருளாக வந்தால் அதன் விளைவைப் படியுங்கள். ஆளாக வந்தால் அவர் கதை எப்படி முடிகிறது என்று காத்திருங்கள். வழியாக வந்தால் எங்கே வந்தது என்று இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பலாட்ரோவில் பழகுங்கள்

2024 பிப்ரவரியில் வந்த இந்த கேம்தான் பயிற்சிக்கு வசதி. 22 மேஜர் அர்கானாவும் இருக்கிறது, ஒவ்வொன்றின் விளைவும் இரண்டு வரியில் எழுதியிருக்கும், தோற்றால் அடுத்த ஆட்டம் உடனே தொடங்கும். சீட்டு வைக்க ஆரம்பத்தில் இரண்டே இடம். ஆகவே வாங்குவதைவிட எப்போது செலவழிப்பது என்பதுதான் பிரச்சினை.

டெத் சீட்டைப் பயன்படுத்தும் முறை: முதலில் எது பலியாக வேண்டும், எது பெருக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பலியாக வேண்டியதை இழுத்து இடப்பக்கம் வையுங்கள். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுங்கள். எதை முதலில் தொட்டீர்கள் என்பது கணக்கில்லை, எது இடப்பக்கம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை இடது, வலது சொல்லிப் பாருங்கள். நல்ல சீட்டைக் கெட்டதாக்கிவிட்டுத் தலையில் கைவைக்காதவர் இந்த கேமில் அபூர்வம். வலப்பக்கச் சீட்டின் முத்திரை, மெருகு எல்லாமும் நகலோடு வரும் என்பதால், கண்ணாடியோ எஃகோ ஆக்கிய சீட்டைப் பெருக்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஜஸ்டிஸ் ஒரு சீட்டைக் கண்ணாடியாக்கும். ஆடினால் மதிப்பெண்ணின் பெருக்கம் 2 மடங்கு, ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பில் உடைந்துபோகும். தராசுக்கு இரண்டு தட்டு, மறுகையில் வாள்; படத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. சாரியட் ஒரு சீட்டை எஃகாக்கும். இங்கே புதியவர் மறக்கும் விஷயம்: எஃகுச் சீட்டு கையில் இருந்தால்தான் 1.5 மடங்கு தரும், ஆடிவிட்டால் அந்தப் பலன் போயிற்று.

ஹெர்மிட் உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கும், உச்சவரம்பு 20 டாலர். கையில் 7 டாலர் இருக்கும்போது அவசரப்பட்டால் 7தான் கிடைக்கும். 20 சேரும்வரை பொறுத்து அடிப்பதே லாபம். தனிமையில் காத்திருப்பவருக்குப் பலன் என்ற கருத்து இப்படி உள்ளே வந்துவிடுகிறது. டெம்பரன்ஸ் உங்களிடம் உள்ள ஜோக்கர்களின் (ஆட்டத்துக்குக் கைகொடுக்கும் துணைச் சீட்டுகள்) விற்பனை விலையைக் கூட்டி 50 டாலர்வரை தரும்; எனவே ஜோக்கரை விற்கும் எண்ணம் இருந்தால் இதை அடித்துவிட்டு அப்புறம் விற்க வேண்டும். வரிசை மாறினால் காசு போச்சு.

டவர் ஒரு சீட்டைக் கல்லாக்கும். 50 சில்லு (மதிப்பெண்) நிச்சயம், ஆனால் அதற்கு எண்ணும் இல்லை, இனமும் இல்லை. ஒரே இனத்தைச் சேர்த்து ஆடும் கட்டில் நான்கைந்து கல் புகுந்துவிட்டால் கை சேராமல் திண்டாட்டம்தான். இடிந்த கோபுரத்தில் மிஞ்சுவது கல் என்பது ஒரு பார்வை. பொருத்தம் கொஞ்சம் சோம்பேறித்தனமானது என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. இடி எங்கே, விழுகிறவர்கள் எங்கே?

வீல் ஆஃப் ஃபார்ச்சூன் நான்கில் ஒரு வாய்ப்பில் ஏதோ ஒரு ஜோக்கருக்கு மெருகு ஏற்றும். மற்ற மூன்று தடவை ‘நோப்’ என்று காட்டிவிட்டுப் போய்விடும். கணக்குப்படி தவறேதும் இல்லை. எரிச்சல் மட்டும் வரும்.

அர்கானா பாக்கெட்டைப் பிரிக்கும்போது உங்கள் கட்டிலிருந்து சில சீட்டுகள் கீழே விரியும். தேர்ந்தெடுக்கும் டாரட்டை அங்கேயே அந்தச் சீட்டுகள்மேல் பயன்படுத்த வேண்டும். முதலில் விரிந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பிறகு டாரட்டைத் தேர்வு செய்யுங்கள். தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

படி 5: ஐசக்கில் ஆபத்தோடு பழகுங்கள்

அறை அறையாகச் சண்டையிட்டுப் போகும் தி பைண்டிங் ஆஃப் ஐசக் 2011இல் வந்தது. இன்று எல்லோரும் ஆடுவது 2014இன் ரீபர்த் பதிப்பையும் அதன் விரிவாக்கங்களையும். இங்கே டாரட் சீட்டு தரையில் கிடக்கும், எடுத்து ஒருமுறை பயன்படுத்தலாம். சாதாரணமாக ஒன்றுதான் வைத்திருக்க முடியும். புதியதை எடுத்தால் பழையது கீழே விழும்.

முதலில் ‘எங்கே கொண்டுபோகும்’ சீட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபூல் தளத்தின் தொடக்க அறைக்கு. ஸ்டார்ஸ் புதையல் அறைக்கு. மூன் ரகசிய அறைக்கு. ஹெர்மிட் கடைக்கு, மலையுச்சித் துறவியைக் கடைவாசலில் நிறுத்தும் குசும்பு இந்த கேமுக்கே உரியது. எம்பரர் நேராக அந்தத் தளத்தின் பாஸ் அறைக்கு. அரை இதயத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் எம்பரரை அடித்தால் ஆட்டம் அங்கேயே முடியும். அதே நிலையில் ஃபூல் கையில் இருந்தால் உயிர் தப்பலாம். எல்லாம் விட்டுவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து நடக்கிறவன்தானே அவன்.

டவர் ஆறு குண்டுகளை அறைக்குள் கொட்டும், திரி ஏற்கெனவே பற்றியிருக்கும். புதியவர் சாவது இதில்தான். முறையாகப் பயன்படுத்த: அறையை முதலில் காலி செய்யுங்கள், பாறைகளுக்கோ சந்தேகப்படும் சுவருக்கோ பக்கத்தில் நின்று அடியுங்கள், அடித்த உடன் ஓடுங்கள். வெடிப்பில் பாறை உடையும், ரகசிய அறையின் சுவரும் திறக்கும். பலாட்ரோவின் கல்லைவிட இந்தக் குண்டுதான் படத்துக்கு நியாயம் செய்கிறது.

ஹேங்ட் மேன்? அந்த அறையில் மட்டும் பறக்க வைக்கும். காலடியில் தரை இல்லாத அந்தப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தியாகம், சரணாகதி என்று பக்கம் பக்கமாகப் பொருள் எழுதியிருக்கும் சீட்டை, படத்தை மட்டும் பார்த்து ஒரே செயலாக மாற்றியிருக்கிறார்கள். பள்ளங்களுக்கு நடுவே பொருள் மாட்டிக்கொண்ட அறைக்காக இதைச் சேர்த்து வையுங்கள். பொருளை எடுத்த பிறகு அறையை விட்டு வெளியேறினால் பறத்தல் போய்விடும், திரும்பி வந்தும் பயனில்லை.

2021இன் ரிபென்டன்ஸ் விரிவாக்கத்தில் தலைகீழ்ச் சீட்டுகளும் வந்தன. குறி பார்ப்பதில் சீட்டு தலைகீழாக விழுந்தால் பொருள் மாறும் என்ற வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நேரான ஹெர்மிட் கடைக்கு அனுப்பும். தலைகீழ் ஹெர்மிட் அறையிலிருக்கும் பொருட்களைக் காசாக்கிவிடும். நேரான டெத் அறையிலுள்ள எதிரிகளை எல்லாம் அடிக்கும்; தலைகீழ் டெத் எலும்புக்கூடுகளை உங்கள் பக்கம் எழுப்பும். சீட்டின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி இருந்தால் அது தலைகீழ். கேள்விக்குறியைக் கவனிக்காமல் அடித்துவிட்டு, கேம் ஏமாற்றிவிட்டது என்று புலம்பக் கூடாது.

படி 6: பெர்சோனாவில் ஆட்களைப் படியுங்கள்

அட்லஸ் நிறுவனத்தின் பெர்சோனா தொடர் 1996இல் தொடங்கியது. டாரட்டை முதுகெலும்பாக்கியது 2006இல் வந்த பெர்சோனா 3. புதியவர் அதன் 2024 மறுஆக்கமான ரீலோடில் தொடங்கலாம். ஊரில் நீங்கள் பழகும் ஒவ்வொருவருக்கும் ஒரு அர்கானா உண்டு. பழக்கம் 1 முதல் 10 வரை ஏறும். அந்த அர்கானாவில் பெர்சோனாவை, அதாவது சண்டைக்கு அழைக்கும் துணை உருவத்தை, உருவாக்கும்போது ஏறிய அளவுக்குக் கூடுதல் அனுபவப் புள்ளி கிடைக்கும்.

செய்ய வேண்டியது எளிது, மறப்பதும் எளிது. ஒருவரைச் சந்திக்கப் போகுமுன் அவருடைய அர்கானாவைச் சேர்ந்த பெர்சோனா ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரையாடலில் புள்ளி கூடும். இல்லாவிட்டால் அடுத்த படிக்கு ஒரு நாள் வீணாகச் செலவழிக்க நேரலாம். காலண்டரில் நாள் என்பதுதான் இந்த கேமின் உண்மையான பணம்.

நாயகன் ஏன் எப்போதும் ஃபூல்? அவன் எண் 0. பூஜ்யம் எந்த எண்ணோடும் சேரும். அதனால்தான் மற்றவர்களுக்கு ஒரே பெர்சோனா இருக்க, அவனால் மட்டும் பலவற்றை மாற்றிக்கொள்ள முடிகிறது.

பெர்சோனா 3இன் பௌர்ணமி இரவுச் சண்டைகளில்தான் டாரட் படம் சண்டை விதியாகவே மாறுகிறது. ஏப்ரல் 9இல் மெஜிஷியன் தொடங்கி நவம்பர் 3இல் ஹேங்ட் மேன்வரை 1 முதல் 12 எண் வரிசையில் எதிரிகள் வருவார்கள், சில மாதங்களில் இருவர் சேர்ந்து. ஆகஸ்ட் 6இல் வருவது 7ஆம் சீட்டும் 8ஆம் சீட்டும். சாரியட் ஒரு டாங்கி, ஜஸ்டிஸ் அதன்மேல் உட்கார்ந்த பீரங்கி. பிரிந்து சண்டையிடுவார்கள், ஒருவரை வீழ்த்தினால் மற்றவர் எழுப்பிவிடுவார். இருவர் உயிரையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒரே சுற்றில் இருவரையும் முடிக்க வேண்டும். தராசின் இரண்டு தட்டையும் சமமாக வைத்தால்தான் ஜெயிக்கலாம் என்று எவரோ வடிவமைப்பாளர் சிரித்துக்கொண்டே யோசித்திருப்பார்.

செப்டம்பரில் ஹெர்மிட், பாதாள அறையில் கம்பிகளுக்கு நடுவே. மின்சாரத்தைச் சேர்க்கிறது என்று காட்டியதும் அடுத்த சுற்றுக்குத் தற்காப்பு நிலையில் இருங்கள், மொத்தமாக இறக்கும். அக்டோபரில் சக்கரமும் ஸ்ட்ரெங்தும். ஸ்ட்ரெங்த் நிற்கும்வரை சக்கரத்தின்மேல் அடி படாது, எனவே முதலில் அவள். நவம்பரில் ஹேங்ட் மேன் எட்டாத உயரத்தில் தொங்குவான். கீழே மூன்று சிலைகள். மூன்றையும் உடைத்தால்தான் கீழே விழுவான், அப்போது அடிக்கலாம். ஐசக்கில் நம்மைப் பறக்க வைத்த அதே படம் இங்கே எதிரிக்குக் கவசம்.

கடைசிச் சண்டை ஃபூலில் தொடங்கி டெத்தில் முடியும் 14 கட்டம். முதல் பத்துக் கட்டங்களில் மருந்தையும் எஸ்பியையும் (திறன்களுக்குச் செலவாகும் சக்தி) கரைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பாதிக்கு மேல் கடைசிக் கட்டத்துக்கு மிச்சம் வையுங்கள். அதில் ‘மூன்லெஸ் கவுன்’ என்று வந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் அடிப்பது உங்கள்மேலேயே திரும்பும். உயிரை நிரப்பிக்கொள்ள அதுதான் நேரம்.

2016இன் பெர்சோனா 5இல் நுட்பம் வேறு மாதிரி. ஷின்ஜுகுவில் குறி சொல்லும் சிஹாயாவுக்கு ஃபார்ச்சூன் தந்தது நேரடி. ஆனால் அகிஹாபாரா ஆர்கேடில் துப்பாக்கி கேம் ஆடும் சிறுவன் ஷின்யாவுக்கு டவர் ஏன்? அங்கே அவனுக்குப் பட்டப்பெயர் ‘கிங்’. இப்போது 16ஆம் படத்தில் தெறித்து விழும் கிரீடத்தைப் பாருங்கள். பழைய யாகுசாவான இவாய்க்கு ஹேங்ட் மேன்: விட்டுவிட்டு வந்த வாழ்க்கையின் கயிறு இன்னும் காலில் இருக்கிறது. சந்துக்குள் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் டகேமிக்கு டெத். யாரும் சாகமாட்டார்கள், கதை போகப்போகப் புரியும்.

ஃபெய்த், கவுன்சிலர், ஜெஸ்டர் என்று இந்தத் தொடரில் வரும் அர்கானாக்கள் வழக்கமான 22இல் கிடையாது. விளக்கப் புத்தகத்தில் தேடி நேரம் போக்காதீர்கள்.

படி 7: சைபர்பங்க் 2077, சுவரோவியங்கள்

முடிவுகளைப் பற்றிப் பேசாமல் இதைச் சொல்ல முடியாது. ஆடி முடிக்காதவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

முதல் அங்கம் முடிந்து கதை திறந்ததும் ‘ஃபூல் ஆன் தி ஹில்’ என்ற பக்கப் பணி கிடைக்கும். நைட் சிட்டி முழுக்க 20 டாரட் சுவரோவியங்கள். பக்கத்தில் போய் ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு குறி பார்க்கும் மிஸ்டியிடம் பேச வேண்டும். வண்டியிலிருந்தபடி பார்த்துவிட்டுப் போனால் கணக்கில் ஏறாது. எம்பர்ஸ் என்ற இடத்தில் ஹனாகோ என்ற கதாபாத்திரத்தைச் சந்திக்கப் போகுமுன் முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதற்கு மேல் முடிவுரைதான்.

முடிவுகளுக்கும் சீட்டுப் பெயர்: சன், ஸ்டார், டெவில், டெம்பரன்ஸ். 2023இன் ஃபேன்டம் லிபர்ட்டி விரிவாக்கத்தில் டவர் சேர்ந்தது. டெம்பரன்ஸில், நாம் ஆடும் பாத்திரமான வி, தன் தலைக்குள் இருக்கும் ஜானிக்கு உடலை விட்டுக்கொடுக்கிறார். ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு நீர். இங்கே கோப்பை உடல், நீர் யார் என்பது உங்களுக்கே தெரியும். டவரில் வி பிழைக்கிறார், ஆனால் சண்டைக்கான இயந்திர உறுப்புகள் இனி இல்லை. கிரீடம் போய்விட்டது, ஆள் தரையில். டெவில் முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் 15ஆம் படத்தைப் பாருங்கள்: இருவரின் கழுத்திலும் சங்கிலி இருக்கிறது, தளர்வாக. கழற்ற நினைத்தால் கழற்றலாம்.

கதையில் முன்னேறும்போது கிடைக்கும் டிராஃபிகளின் பெயர்களும் சீட்டுதான். ஜானியின் மனம் பதிந்திருக்கும் ரெலிக் சிப்பைத் திருடியதும் கிடைப்பது ‘லவ்வர்ஸ்’. காதலே இல்லாத காட்சியில் அந்தப் பெயர் ஏன் என்று முதலில் புரியாது. ஒரு உடலில் இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்கு வித்திட்ட இடம் அது.

எங்கே சறுக்கும்?

பழைய பதிப்புக்கு எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு புதிய பதிப்பை ஆடுவது பெரிய தொல்லை. எண்கள் திருத்தங்களில் மாறும். சீட்டின்மேல் கர்சரை வைத்தால் வரும் வரியைத்தான் நம்ப வேண்டும்.

ஒவ்வொரு சீட்டிலும் ஆழம் தேடுவது இன்னொன்று. ஐசக்கில் ஹீரோஃபன்ட் இரண்டு ஆன்ம இதயங்கள் தரும், லவ்வர்ஸ் இரண்டு சிவப்பு இதயங்கள் தரும். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

ஒரே சீட்டை மூன்று கேமில் ஒப்பிடுவது நல்ல பயிற்சி. சாரியட்டை எடுங்கள்: பலாட்ரோவில் எஃகு, ஐசக்கில் சில வினாடிகளுக்கு அடிபடாத உடம்பு, பெர்சோனா 3இல் டாங்கி. மூவரும் தேரின் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கவசத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு குறிப்பேட்டில் இப்படி ஐந்து சீட்டுக்கு எழுதிப் பார்த்தால், ஆறாவது சீட்டின் விளைவை அடிப்பதற்கு முன்பே ஓரளவு ஊகித்துவிடுவீர்கள்.

கட்டில் இல்லாத சீட்டு

சீட்டைத் தாங்களே உருவாக்க விரும்புகிறவர்களுக்கு 2023இல் வந்த தி காஸ்மிக் வீல் சிஸ்டர்ஹுட் இருக்கிறது. பின்னணி, நடு உருவம், சின்னம் என்று மூன்று துண்டுகளை ஒட்டிச் சீட்டு செய்ய வேண்டும். காற்று, நிலம், நெருப்பு, நீர் என்ற நான்கு பூதங்களின் சக்தி அதற்குச் செலவாகும். பிறகு அந்தக் கட்டை வைத்துத்தான் வருகிறவர்களுக்குக் குறி சொல்வீர்கள். முதல் சீட்டிலேயே சக்தி எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்.

சொந்தமாகச் சீட்டு சேர்ப்பது பழைய வித்தைதான். 2003இன் திகில் கேமான சைலன்ட் ஹில் 3இல் தேவாலயத்துக்குள் ஐந்து டாரட் சீட்டுகள் சேகரித்து, மூன்றுக்கு மூன்று கட்டங்களுள்ள கதவில் புதிர்ப்படி பொருத்த வேண்டும். ஃபூல், ஹை பிரீஸ்டஸ், ஹேங்ட் மேன், மூன் நான்கும் நமக்குத் தெரிந்தவை. ஐந்தாவதன் பெயர் ‘ஐ ஆஃப் நைட்’. 1909 கட்டிலும் இல்லை, மார்செய் கட்டிலும் இல்லை, தோத்திலும் இல்லை. அந்த ஊரின் மதக்கூட்டம் தனக்காகச் சேர்த்துக்கொண்ட சீட்டு. புதிர் கடினமாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கும்போதே புதிர் நிலையை மட்டும் தனியாக ஈசியில் வைத்துக்கொள்ளலாம், சண்டை நிலை அப்படியே இருக்கும்.